வாசித்ததும் கேட்க வேண்டும்: வீட்டு ரெக்கார்டிங் கணினியில் லேட்டன்சியைக் குறைப்பது எப்படி

சில வருடங்களுக்கு முன் ஒரு தோழி என் வீட்டுக்குப் பாட வந்தார். மேடையில் தாளம் பிசகாமல் பாடுகிறவர். அன்று நான்கு டேக் பாடியும் ஒவ்வொரு வரியும் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தது. "இன்னைக்கு எனக்குத் தாளமே நிக்கல, இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்று ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டுக் கிளம்பினார். அவர் போன பிறகுதான் திரையைக் கவனித்தேன். முந்தின நாள் மிக்ஸிங்குக்காக 1024-ல் வைத்த பஃபரை, அதாவது கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துக் கையாளும் ஒலியின் அளவை, நான் திரும்பக் குறைக்கவே இல்லை. குரலில் கொஞ்சம் ரிவர்ப் (அரங்கின் எதிரொலி போன்ற விளைவு) கேட்கட்டும் என்று கணினி வழியாகவே அவருக்குச் சத்தம் அனுப்பியிருந்தேன். அவர் பாடியது அவர் காதுக்கு 40 மில்லிசெகண்டுக்கும் மேல் கழித்துத்தான் போயிருக்கிறது. பிசகு அவருடையது இல்லை.

வீட்டில் ரெக்கார்டிங் தொடங்குகிறவர்கள் பலர் இதே இடத்தில்தான் மனம் தளர்கிறார்கள். தாளம் நிற்கவில்லை என்று தங்கள் கையையும் குரலையும் சந்தேகிக்கிறார்கள். அப்படிச் சந்தேகிப்பதற்கு முன் கணினியைச் சோதித்துவிட வேண்டும். எந்த வரிசையில் சோதிப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை. இதே வரிசையில் போனால் பாதிப் பேருக்கு இரண்டாவது, மூன்றாவது படியிலேயே வேலை முடிந்துவிடும்.

தாமதம் எங்கே உண்டாகிறது

மைக்கில் விழும் சத்தம், மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான இன்டர்ஃபேஸுக்குள் எண்களாக மாறுகிறது. யுஎஸ்பி வழியாகக் கணினிக்குள் நுழைந்து, அந்தப் பெட்டியைக் கணினியோடு பேச வைக்கும் மென்பொருளான டிரைவரைக் கடந்து, ரெக்கார்டிங் மென்பொருளுக்குப் போகிறது. அங்கே ப்ளக்-இன்கள் (ஒலியை மாற்றும் சிறு துணை மென்பொருள்கள்) வேலை செய்த பின், வந்த வழியே திரும்பி, மறுபடி மின் அலையாகி ஹெட்ஃபோனுக்கு வருகிறது. இந்தப் போக்குவரத்துக்கு ஆகும் மொத்த நேரம்தான் லேட்டன்சி.

இதில் நம் கைக்கு அடங்கும் பெரிய பங்கு பஃபர். குழாயடியில் வாளி பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கணினி ஒவ்வொரு சொட்டாக ஏந்திக்கொண்டு ஓடுவதில்லை. வாளி நிறைந்ததும் எடுத்துப் போய் ஊற்றிவிட்டு, அடுத்த வாளி நிறைவதற்குள் திரும்ப வந்துவிட வேண்டும். பெரிய வாளி என்றால் நிறைய நேரம் ஆகும். ஆனால் நிதானமாகப் போய் வரலாம். சிறிய வாளி சட்டென்று நிறையும். ஆனால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். திரும்பி வருவதற்குள் வாளி நிறைந்துவிட்டால் தண்ணீர் வழியும். அந்த வழிசல்தான் ஹெட்ஃபோனில் 'டிக்', 'பட்' என்றும் கரகரப்பாகவும் கேட்கிறது.

கணக்கு எளிது. பஃபர் அளவை சாம்பிள் ரேட்டால் (ஒரு நொடி ஒலியை எத்தனை எண்களாக, அதாவது சாம்பிள்களாக, எடுக்கிறது என்பது) வகுத்து 1000-ஆல் பெருக்கினால் மில்லிசெகண்ட் கிடைக்கும். சாம்பிள் ரேட் 48000 என்றால் 64 சாம்பிள் பஃபருக்கு 1.3 மில்லிசெகண்ட், 128-க்கு 2.7, 256-க்கு 5.3, 512-க்கு 10.7, 1024-க்கு 21.3. இது ஒரு வழிக் கணக்கு. உள்ளே வரும்போது ஒரு முறை, வெளியே போகும்போது ஒரு முறை என்று குறைந்தது இரண்டு மடங்காக எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு சத்தத்தை எண்ணாகவும் எண்ணைச் சத்தமாகவும் மாற்றும் சில்லுகளுக்குக் கொஞ்சம் நேரம் ஆகும். டிரைவர் தன் பாதுகாப்புக்காக ஒளித்து வைத்திருக்கும் கூடுதல் பஃபரும் சேரும். ஒரே 128-ல் வைத்த இரண்டு இன்டர்ஃபேஸ்களில் ஒன்று வேகமாகவும் இன்னொன்று மந்தமாகவும் இருப்பதற்கு இந்த ஒளிந்திருக்கும் பங்குதான் காரணம்.

எவ்வளவு தாமதம் பரவாயில்லை? காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. அதாவது ஒரு மில்லிசெகண்டுக்கு 34 சென்டிமீட்டர். ஆம்ப்ளிஃபயரிலிருந்து 3 மீட்டர் தள்ளி நின்று கிட்டார் வாசிக்கிறவர் ஏற்கெனவே 9 மில்லிசெகண்ட் தாமதத்தில்தான் வாசிக்கிறார், அது அவருக்கு உறுத்துவதே இல்லை. அதனால் கிட்டாருக்குப் போய் வரும் மொத்தத் தாமதம் 10 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் பெரும்பாலானவர்களுக்குப் போதும். தாள வாத்தியக்காரர்களுக்கு இன்னும் கொஞ்சம் குறைவாக வேண்டும்.

பாடகர் விஷயம் தனி. தன் குரல் அவருக்கு மண்டையோட்டு எலும்பு வழியாகத் தாமதமே இல்லாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஹெட்ஃபோனில் வருவது அதன்மேல் வந்து சேரும்போது சில அலைவரிசைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். 3 மில்லிசெகண்ட் தாமதத்தில்கூடக் குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல ஒல்லியாகிவிடலாம். தாளம் சரியாக இருந்தும் "என் குரல் என்னமோ மாதிரி கேக்குது" என்று ஒருவர் சொன்னால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். அவர் காது சரியாகவே சொல்கிறது.

முதல் படி: அளந்து பாருங்கள்

ரெக்கார்டிங் மென்பொருளின் ஆடியோ அமைப்புப் பக்கத்தில் உள்ளே இத்தனை, வெளியே இத்தனை என்று மில்லிசெகண்ட் கணக்கு காட்டும். அது டிரைவர் சொன்ன எண். எல்லா டிரைவரும் உண்மையை முழுதாகச் சொல்வதில்லை. அதனால் ஒரே ஒரு முறையாவது நேரடியாக அளந்துவிடுங்கள். பத்து நிமிட வேலை.

இன்டர்ஃபேஸின் பின்னால் உள்ள லைன் அவுட்புட் ஒன்றிலிருந்து ஒரு கேபிளை எடுத்து அதே இன்டர்ஃபேஸின் லைன் இன்புட்டில் செருகுங்கள். ஹெட்ஃபோனைக் காதிலிருந்து எடுத்துவிடுங்கள், ஸ்பீக்கரையும் அணைத்துவிடுங்கள். ஒரு ட்ராக்கில் 'டக்' என்ற கூர்மையான சத்தம் ஒன்றை வையுங்கள். இரண்டாவது ட்ராக்கை ரெக்கார்டுக்குத் தயார் செய்து, அதன் மானிட்டரிங் (உள்ளே வரும் சத்தத்தை அப்போதே கேட்க வைக்கும் வசதி) அணைந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் சத்தம் சுற்றிச் சுற்றி வந்து ஊளையிடும். இப்போது ரெக்கார்ட் செய்து, இரண்டு அலைகளையும் பெரிதாக்கி, இடையில் எத்தனை சாம்பிள் வித்தியாசம் என்று பாருங்கள்.

இங்கே புதியவர்கள் குழம்பும் ஒரு விஷயம் இருக்கிறது. ரெக்கார்டிங் மென்பொருள்கள் டிரைவர் சொன்ன தாமதத்தைக் கழித்துவிட்டு, பதிவானதை முன்னால் நகர்த்தித்தான் வைக்கின்றன. ஆகவே நீங்கள் பார்க்கும் வித்தியாசம் மொத்த லேட்டன்சி இல்லை. டிரைவர் சொன்ன எண்ணில் இருக்கும் பிழை மட்டும்தான். மொத்தத்தைப் பார்க்க வேண்டுமானால் அந்த ஈடுசெய்யும் வசதியை அணைத்துவிட்டு அளக்க வேண்டும். ரீப்பர் என்ற ரெக்கார்டிங் மென்பொருளில் ப்ரிஃபரன்சஸ் பக்கத்தில் ரெக்கார்டிங் பகுதியில், டிரைவர் சொல்லும் தாமதத்தைப் பயன்படுத்து என்று ஒரு டிக் இருக்கும். விண்டோஸிலும் மேக்கிலும் ஆர்டிஎல் யூட்டிலிட்டி என்ற இலவசக் கருவி இதே கேபிள் சோதனையைத் தானே செய்து எண்ணைக் காட்டிவிடும்.

பிழை ஒன்றிரண்டு சாம்பிள் என்றால் விட்டுவிடலாம். 100, 200 என்று வந்தால் திருத்த வேண்டும், ஏனென்றால் நீங்கள் பதிவு செய்யும் ஒவ்வொரு ட்ராக்கும் அதே அளவு தள்ளி உட்காரும். ரீப்பரில் அந்த டிக்குக்குப் பக்கத்திலேயே ஆஃப்செட் எழுதும் கட்டம் இருக்கிறது. ஏபிள்டன் லைவ் மென்பொருளில் 'டிரைவர் எரர் காம்பன்சேஷன்' என்ற பெயரில் இருக்கிறது. பஃபரை மாற்றிவிட்டு மீண்டும் ஒரு முறை அளந்து, பிழை மாறுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது படி: கணினியைச் சுற்றாமலே கேளுங்கள்

மைக் வைத்துப் பதிவு செய்கிறவர் என்றால் உங்களுக்கான படி இதுதான். இன்டர்ஃபேஸின் முன்பக்கத்தில் 'டைரக்ட் மானிட்டர்' என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். அல்லது ஒரு பக்கம் 'இன்புட்', மறுபக்கம் 'ப்ளேபேக்' என்று எழுதிய குமிழ் இருக்கும். அதைப் போட்டால் மைக்கில் வரும் சத்தம் கணினிக்குள் போகாமல் இன்டர்ஃபேஸிலிருந்தே நேராக ஹெட்ஃபோனுக்கு வந்துவிடும். தாமதம் காதுக்குத் தெரியாத அளவுக்குச் சுருங்கிவிடும். அப்புறம் பஃபர் 512-ல் இருந்தாலும் பாடுகிறவருக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. பின்னணி இசையும் அவர் குரலும் ஒரே நேரத்தில் காதில் விழுகின்றன. பதிவானதைச் சரியான இடத்தில் வைக்கும் வேலையை மென்பொருள் பார்த்துக்கொள்கிறது.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். மென்பொருளில் அந்த ட்ராக்கின் மானிட்டரிங்கை அணைத்துவிடுங்கள். இரண்டும் ஓடினால் குரல் இரட்டையாகக் கேட்கும், "டைரக்ட் மானிட்டர் போட்டும் தாமதம் போகவில்லை" என்ற முடிவுக்கு வந்துவிடுவீர்கள். நகத்தால் மைக் கூட்டை மெதுவாகத் தட்டிப் பாருங்கள். ஒரு தட்டுக்கு ஒரு சத்தம்தான் வர வேண்டும்.

டைரக்ட் மானிட்டரில் வருவது வெறும் குரல். ரிவர்ப் இல்லாமல் பாடுவது பலருக்கு வெற்றுச் சுவருக்கு முன்னால் நிற்பது போல இருக்கும். அதற்கு ஒரு வழி உண்டு, தெரிந்துகொண்ட நாளிலிருந்து நான் இதை விட்டதே இல்லை. மென்பொருளில் அந்தக் குரல் ட்ராக்கின் மானிட்டரிங்கைத் திரும்பப் போடுங்கள், ஆனால் அதன் நேரடிச் சத்தம், எல்லா ட்ராக்கும் வந்து சேரும் மாஸ்டருக்குப் போகாதபடி தடுத்துவிடுங்கள். ட்ராக்கிலிருந்து ஒரு சென்ட் (சத்தத்தின் நகலை வேறிடத்துக்கு அனுப்பும் கிளைவழி) எடுத்து ரிவர்புக்கு அனுப்புங்கள். ரிவர்பில் எதிரொலி மட்டும் 100 சதவீதம், வெறும் குரல் பூஜ்யம். இப்போது குரல் இன்டர்ஃபேஸிலிருந்து உடனே வரும். ரிவர்ப் மட்டும் கணினியைச் சுற்றி 10, 20 மில்லிசெகண்ட் கழித்து வரும். ரிவர்ப் தாமதமாக வருவது பிழையே இல்லை. ஒரு அரங்கில் பாடினாலும் சுவரில் பட்டுத் திரும்ப அந்த நேரம் ஆகத்தான் செய்யும். ரிவர்ப் ப்ளக்-இன்களில் 'ப்ரீ-டிலே' என்று தனியாகவே ஒரு குமிழ் வைத்து இதை உண்டாக்குகிறார்கள். அன்று என் தோழிக்கு நான் இதைச் செய்துகொடுத்திருந்தால் முதல் டேக்கிலேயே முடிந்திருக்கும்.

சில இன்டர்ஃபேஸ்களுக்குள்ளேயே ரிவர்ப், ஈக்யூ (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைக் கூட்டிக் குறைப்பது) எல்லாம் செய்யும் சில்லு இருக்கிறது. யூனிவர்சல் ஆடியோவின் அப்பல்லோ வரிசை இதற்குப் பேர்போனது. ஆர்எம்இ-யின் டோட்டல்மிக்ஸ் மென்பொருளும் பல மாடல்களில் இதைச் செய்யும். ஆனால் தொடக்கத்திலேயே இதற்காகச் செலவு செய்ய வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. மேலே சொன்ன சென்ட் வழி டைரக்ட் மானிட்டர் உள்ள எல்லா இன்டர்ஃபேஸிலும் வேலை செய்யும்.

கிட்டாரை நேராக இன்டர்ஃபேஸில் செருகி, ஆம்ப் சிமுலேட்டர் ப்ளக்-இன் வழியாக வாசிக்கிறவர்களுக்கு டைரக்ட் மானிட்டர் உதவாது. அதில் வருவது ஆம்ப் இல்லாத சப்பைச் சத்தம். கீபோர்டை வைத்து மென்பொருள் வாத்தியம் வாசிக்கிறவர்களுக்கும் இந்தப் படி பொருந்தாது, ஏனென்றால் அந்தச் சத்தமே கணினிக்குள்தான் பிறக்கிறது. மற்ற படிகள் முக்கியமாக இவர்களுக்கானவை.

மூன்றாவது படி: சரியான டிரைவர்

விண்டோஸில் ஏசியோ டிரைவர்தான் வேண்டும். க்யூபேஸ் மென்பொருளை உருவாக்கிய ஸ்டெய்ன்பெர்க் நிறுவனம் 1997-ல் கொண்டுவந்த முறை இது. விண்டோஸின் பொதுவான ஒலிப் பாதையைத் தாண்டி, மென்பொருளும் இன்டர்ஃபேஸும் நேராகப் பேசிக்கொள்ள இது வழி செய்கிறது. இன்டர்ஃபேஸ் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான டிரைவரை இறக்கி நிறுவுங்கள். பிறகு மென்பொருளின் ஆடியோ அமைப்பில் அதைத் தேர்ந்தெடுங்கள். இந்த இரண்டாவது பாதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். டிரைவரை நிறுவியிருப்பார்கள், ஆனால் மென்பொருள் இன்னும் எம்எம்இ-யிலோ டைரக்ட் சவுண்டிலோ ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பழைய பாதைகளில் பஃபரை எவ்வளவு குறைத்தாலும் தாமதம் பெரிதாகவே இருக்கும்.

கணினியின் சொந்த ஒலிச் சில்லைத் தவிர வேறு எதுவும் இல்லை என்றால் ஏசியோ ஃபோர் ஆல், ஃப்ளெக்ஸ் ஏசியோ இரண்டில் ஒன்றை முயலலாம். அல்லது மென்பொருள் இடம் கொடுத்தால் விண்டோஸிலேயே இருக்கும் வாசாபி என்ற ஒலிப் பாதையின் 'எக்ஸ்க்ளூசிவ்' முறையைப் பயன்படுத்தலாம். இன்டர்ஃபேஸுக்கென்று சொந்த ஏசியோ டிரைவர் இருக்கும்போது இவற்றைத் தேடிப் போக வேண்டாம். விண்டோஸின் ஒலி அமைப்பில் இருக்கும் சாம்பிள் ரேட்டும் உங்கள் ப்ராஜெக்டின் சாம்பிள் ரேட்டும் ஒன்றாக இருக்கட்டும். யூடியூப் திறந்த பிரவுசர் ஒன்று அதே இன்டர்ஃபேஸை 44100-க்கு இழுத்துக்கொண்டிருந்தால் தேவையில்லாத சண்டை வரும்.

மேக்கில் கோர் ஆடியோ என்ற ஒலி அமைப்பு ஏற்கெனவே உள்ளேயே இருக்கிறது, தேட வேண்டியது ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு கருவிகளைச் சேர்த்து ஒன்றாகக் காட்டும் 'அக்ரிகேட் டிவைஸ்' வசதியைப் பதிவு செய்யும்போது தவிர்த்துவிடுங்கள். இரண்டு கருவிகளின் கடிகாரங்களை ஒத்துப்போக வைப்பதற்கே தனி வேலை ஆகும்.

லினக்ஸில் அடியில் ஒலி டிரைவர் தொகுப்பான ஆல்சா, அதன்மேல் மென்பொருள்களுக்கு ஒலியைப் பகிரும் ஜாக் அல்லது பைப்வயர். உங்கள் பயனர் கணக்குக்கு ரியல்டைம் முன்னுரிமை அனுமதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல விநியோகங்களில் 'ஆடியோ' குழுவில் உங்களைச் சேர்த்துவிட்டால் கிடைத்துவிடும். யுஎஸ்பி இன்டர்ஃபேஸை ஜாக்கில் ஓட்டும்போது 'பீரியட்' (வரிசையில் வைக்கும் பஃபர் துண்டு) எண்ணிக்கையை 2-க்குப் பதில் 3 வைத்தால் பலருக்குக் கரகரப்பு நிற்கிறது. ரியல்டைம் கர்னலுக்கான திருத்தங்கள் நெடுங்காலம் வெளியே தனியாக இருந்து, 2024-ல் வந்த 6.12 பதிப்பில் மைய கர்னலுக்குள்ளேயே வந்துவிட்டன. சாதாரண வீட்டு வேலைக்கு வழக்கமான கர்னலே போதும். மிகச் சிறிய பஃபர் தேவைப்பட்டால் மட்டும் அதை நாடுங்கள்.

நான்காவது படி: பஃபரைக் குறையுங்கள், ஆனால் அளவோடு

வெற்று ப்ராஜெக்டில் சோதிக்காதீர்கள். ஒன்றுமே இல்லாத ப்ராஜெக்டில் பல கணினிகள் 32-லும் ஓடிவிடும். நீங்கள் வழக்கமாகப் பதிவு செய்யும் அளவுக்கு ட்ராக்குகள் இருக்கும் ஒரு பாடலைத் திறந்துகொள்ளுங்கள். 256-ல் தொடங்கி ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். சுத்தமாக ஓடினால் 128. அதிலும் ஓடினால் 64. கரகரப்பு கேட்டதும் ஒரு படி மேலே ஏறி அங்கே நின்றுவிடுங்கள். விண்டோஸில் பெரும்பாலும் டிரைவரின் சொந்தப் பலகையில் மாற்ற வேண்டியிருக்கும். மேக்கில் மென்பொருளின் அமைப்பிலேயே மாற்றலாம்.

32-ஐ எட்டினால்தான் நல்ல கணினி என்று ஒரு எண்ணம் நிறையப் பேருக்கு இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. 128-லிருந்து 64-க்குப் போனால் போக வர மொத்தம் 2.7 மில்லிசெகண்ட்தான் மிச்சம். ஒரு மீட்டர் கூட இல்லாத தூரம். அதற்காக ஒரு நல்ல டேக்கின் நடுவில் 'பட்' என்று வெடிப்பு விழும் அபாயத்தை ஏற்பது வீண். வாசிக்கிறவர் 128-ல் வசதியாக உணர்ந்தால் 128-லேயே பதிவு செய்யுங்கள்.

சாம்பிள் ரேட்டை 96000 ஆக்கினால் அதே பஃபர் எண்ணுக்குத் தாமதம் பாதியாகும் என்பது உண்மைதான். ஆனால் 96000-ல் 128 என்பதும் 48000-ல் 64 என்பதும் ஒரே 1.3 மில்லிசெகண்ட். கணினிக்குக் கிடைக்கும் அவகாசம் ஒன்று, செய்ய வேண்டிய வேலை மட்டும் இரண்டு மடங்கு. சில்லுகளின் மாற்றும் நேரம் கொஞ்சம் குறையும் என்பதைத் தவிர, லேட்டன்சிக்காக மட்டும் 96000-க்குப் போவதில் எனக்குப் பெரிய லாபம் தெரியவில்லை.

பதிவு முடிந்து மிக்ஸிங் தொடங்கியதும் 512, 1024 என்று ஏற்றிவிடுங்கள். அப்போது யாரும் வாசிக்கவில்லை. தாமதம் யாரையும் பாதிக்காது, ப்ளக்-இன்களுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும்.

ஐந்தாவது படி: தாமதத்தை உண்டாக்கும் ப்ளக்-இன்கள்

பஃபர் 64, டிரைவர் சரி, கரகரப்பும் இல்லை. இருந்தும் கிட்டார் தாமதமாகக் கேட்கிறதா? காரணம் பெரும்பாலும் ஒரு ப்ளக்-இன்.

சில ப்ளக்-இன்கள் வரப்போகும் சத்தத்தை முன்கூட்டியே பார்த்துவிட்டுத்தான் வேலை செய்யும். லிமிட்டர்கள் (சத்தம் ஒரு எல்லையைத் தாண்டாமல் பிடிப்பவை), லீனியர்-ஃபேஸ் ஈக்யூ, இரைச்சல் நீக்கிகள், ஓவர்சாம்ப்ளிங் போட்ட ஆம்ப் சிமுலேட்டர்கள் எல்லாம் இந்த வகை. வரப்போவதைப் பார்க்க வேண்டுமானால் வந்ததை நிறுத்தி வைக்க வேண்டும். சில லீனியர்-ஃபேஸ் ஈக்யூக்கள் ஆயிரக்கணக்கான சாம்பிள்களை இப்படி நிறுத்தி வைக்கும். அதோடு, ஒரு ட்ராக் தாமதமானால் மற்ற ட்ராக்குகளும் அதோடு சேர்ந்து ஒலிக்க வேண்டும் என்பதற்காக மென்பொருள் எல்லாவற்றையும் அதே அளவு பின்தள்ளுகிறது. மாஸ்டரில் உட்கார்ந்திருக்கும் ஒரே ஒரு லிமிட்டர் பாடல் முழுவதையும் உங்கள் விரலிலிருந்து விலக்கிவிட முடியும்.

மாஸ்டரிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக அணைத்து வாசித்துப் பாருங்கள். ரீப்பரில் எஃபெக்ட் ஜன்னலின் கீழே ஒவ்வொரு சங்கிலியும் எத்தனை சாம்பிள் தாமதப்படுத்துகிறது என்று எழுதியிருக்கும். லாஜிக் ப்ரோவில் 'லோ லேட்டன்சி மோட்', க்யூபேஸில் 'கன்ஸ்ட்ரெய்ன் டிலே காம்பன்சேஷன்', ஏபிள்டன் லைவில் 'ரெட்யூஸ்ட் லேட்டன்சி வென் மானிட்டரிங்' என்று இதற்கென்றே பொத்தான்கள் இருக்கின்றன. ஒன்றுக்கொன்று வேலை செய்யும் விதம் வேறு. பதிவு செய்யும் நேரத்தில் தாமதத்தைக் குறைப்பதுதான் எல்லாவற்றின் நோக்கமும்.

எனக்கு இதைவிட எளிய வழி ஒன்று பிடித்திருக்கிறது. பாதி மிக்ஸ் ஆன பாடலில் புதிதாக ஒரு கிட்டாரோ குரலோ சேர்க்க வேண்டுமென்றால், அதுவரை இருப்பதை ஒரே ஸ்டீரியோ கோப்பாக ஏற்றுமதி செய்துவிடுவேன். புது ப்ராஜெக்ட் திறந்து, அந்த ஒரு கோப்பை முதல் ட்ராக்கில் வைத்து, பஃபரை 64-க்கு இறக்கிப் பதிவு செய்வேன். ஐம்பது ப்ளக்-இன் சுமையும் இல்லை, மறைந்திருக்கும் லிமிட்டரும் இல்லை, பழைய கணினியும் சுகமாக ஓடும். பதிவானதை, தொடக்கப் புள்ளி மாறாமல், பழைய ப்ராஜெக்டுக்குக் கொண்டுவந்து வைத்தால் முடிந்தது. கணினி பலவீனமாக இருக்கிறது, புதிது வாங்க வேண்டுமோ என்று யோசிக்கிறவர்கள் அதற்கு முன் ஒரு மாதம் இப்படி வேலை செய்து பார்க்க வேண்டும்.

ஆறாவது படி: கணினியே குறுக்கே நின்றால்

ப்ராசஸர் மீட்டர் 30 சதவீதம்தான் காட்டுகிறது, இருந்தும் 256-ல்கூட நடுநடுவே 'பட்' என்று வெடிக்கிறது. இது புதியவர்களை மிகவும் குழப்பும். வேகம் போதாமல் இது நடப்பதில்லை. வாளியைத் தூக்க வேண்டிய ஆளை வேறு யாரோ நடுவில் நிறுத்திப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வைஃபை, கிராஃபிக்ஸ், பேட்டரி மேலாண்மை போன்றவற்றின் டிரைவர்கள் அவ்வப்போது ப்ராசஸரைத் தங்கள் வேலைக்குப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு சில மில்லிசெகண்ட் பிடித்தாலே சிறிய பஃபர் வழிந்துவிடும். மீட்டர் சராசரியைக் காட்டுவதால் இது அதில் தெரியாது.

விண்டோஸில் லேட்டன்சிமான் என்ற கருவியைப் பத்து, பதினைந்து நிமிடம் ஓட விடுங்கள். எந்த டிரைவர் அதிக நேரம் பிடித்து வைக்கிறது என்று அதன் டிரைவர்கள் பட்டியலில் பெயரோடு காட்டும். பெயர் கிடைத்ததும் அந்தக் கருவியை மட்டும் டிவைஸ் மேனேஜரில் தற்காலிகமாக அணைத்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். என் அனுபவத்தில் முதல் குற்றவாளி வைஃபை. பதிவு செய்யும் நேரத்தில் அதை அணைத்துவிடுவது பெரிய இழப்பும் இல்லை.

மின்சார அமைப்பு அடுத்தது. ப்ராசஸர் சும்மா இருக்கும்போது வேகத்தைக் குறைத்துக்கொண்டு, வேலை வந்ததும் ஏற்றும். அந்த ஏற்ற இறக்கமும் ஒரு தடங்கல்தான். விண்டோஸில் 'ஹை பர்ஃபாமன்ஸ்' திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். சில மடிக்கணினிகளில் அது தெரியாது, அங்கே பவர் மோடை 'பெஸ்ட் பர்ஃபாமன்ஸ்' என்று வையுங்கள். மேம்பட்ட அமைப்பில் 'யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' என்பதை அணையுங்கள். மடிக்கணினி எப்போதும் சார்ஜரில் செருகியிருக்கட்டும். லினக்ஸில் ப்ராசஸர் வேகத்தை ஆளும் கவர்னரை 'பர்ஃபாமன்ஸ்' என்று மாற்றுங்கள். பயாஸுக்குள் போய் சி-ஸ்டேட்ஸை (ப்ராசஸரின் உறக்க நிலைகள்) அணைப்பது கடைசி ஆயுதம். மற்றவை எல்லாம் தோற்ற பிறகு மட்டும், என்ன மாற்றினீர்கள் என்று எழுதி வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

நாற்பது மாற்றங்களை அடுக்கிக் கொடுக்கும் பட்டியல்கள் நிறையச் சுற்றுகின்றன. விண்டோஸ் எக்ஸ்பி காலத்து அறிவுரைகள் பல அதில் இன்னும் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்யாதீர்கள். ஒன்றை மாற்றுங்கள், அதே பாடலை அதே பஃபரில் ஓட்டிப் பாருங்கள், பலன் இல்லையென்றால் பழையபடி வைத்துவிடுங்கள். ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்கிறேன் என்று வரும் மென்பொருள்களை இதற்காக நிறுவவே வேண்டாம்.

இன்டர்ஃபேஸை ஹப்பில் செருகாமல் கணினியின் போர்ட்டில் நேராகச் செருகுங்கள். ஒரு போர்ட்டில் கரகரத்தால் எதிர்ப்பக்கத்துப் போர்ட்டில் மாற்றிப் பாருங்கள், அது வேறு கன்ட்ரோலரில் இருக்கலாம். யுஎஸ்பி 2 இன்டர்ஃபேஸ் என்பதற்காகக் கவலைப்பட வேண்டாம். யுஎஸ்பி 3 அதிக சேனல்களைத் தாங்கும், அதற்காகவே தாமதம் குறைந்துவிடாது. எஸ்எஸ்டியும் கூடுதல் நினைவகமும் பெரிய வாத்தியத் தொகுப்புகள் திக்காமல் ஓட உதவும், லேட்டன்சி எண்ணை மாற்றாது.

ப்ளூடூத் ஹெட்ஃபோனில் பதிவு செய்யாதீர்கள். அதன் தாமதம் சாதாரணமாக 100 மில்லிசெகண்டைத் தாண்டும். மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்து 8 மில்லிசெகண்டுக்குக் கொண்டுவந்தாலும் கடைசி ஒரு அடியில் அத்தனையும் போய்விடும்.

கீபோர்டில் வாசிக்கிறவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. உங்களுக்கு ஆடியோ உள்ளே வரும் பாதை இல்லாததால் 256-லும் பலருக்கு வசதியாகவே இருக்கும். எந்த ஸ்வரத்தை அழுத்தினீர்கள் என்ற செய்தியைக் கடத்தும் ஐந்து முள் மிடி கேபிள் நொடிக்கு 31250 பிட் வேகத்தில் ஓடுவது. ஒரு ஸ்வரத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிசெகண்ட் ஆகும். இரண்டு கையாலும் பத்து விரல் வைத்து ஒரு கார்ட் அழுத்தினால் கடைசி ஸ்வரம் முதல் ஸ்வரத்துக்குப் பல மில்லிசெகண்ட் பின்னால் வரும். கீபோர்டில் யுஎஸ்பி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். அதற்குப் பிறகும் மந்தமாகத் தோன்றினால் அந்த வாத்தியத்தின் ஒலியையே கவனியுங்கள். மெதுவாக எழும் வயலின் தொகுப்புகள் எந்தக் கணினியிலும் மெதுவாகத்தான் எழும்.

எல்லாம் சரியாகிவிட்ட பிறகும் மறந்துபோகக் கூடியது ஒன்று உண்டு. பஃபர் அளவு பெரும்பாலான மென்பொருள்களில் ப்ராஜெக்டோடு சேர்ந்து சேமிக்கப்படுவதில்லை; அது டிரைவரின் அமைப்பு. நேற்று மிக்ஸிங்குக்கு ஏற்றி வைத்தது இன்று வேறு பாடலைத் திறந்தாலும் அப்படியேதான் இருக்கும். என் திரையின் ஓரத்தில் "பஃபர் எவ்வளவு? மானிட்டர் எது?" என்று எழுதிய ஒரு சிறு காகிதம் ஒட்டியிருக்கிறது. யாராவது பாட வந்து உட்கார்ந்தால், மைக்கை அவர் பக்கம் திருப்புவதற்கு முன் அதைத்தான் பார்க்கிறேன்.